தில்ஷாத் சொன்ன கல்பனா கதை

ஜெயம்மாள்: போன ஞாயித்துக்கிழமை உன்னை ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் கீதா தில்ஷாது? "அந்தப் பொண்ணு கல்பனா இன்னாத்துக்கு இப்டி அழுவுது?"ன்னு கேட்டேன். நீ இன்னா சொன்னே?

தில்ஷாத்: கல்யாணம் வேணாம்னு சொல்லிட்டு அழுவுதுன்னு சொன்னேன் பெரிம்மா.

ஜெயம்மாள்: "ஏன் வேணாமாம்?"னு கேட்டேன்.

தில்ஷாத்: "மாமியாரைத் தனியா உட்டுட்டுப் போக மனசில்லயாம்"னு சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ? டிவியைப் போடுங்க. பத்து மணிக்கு இந்தி நாடகம் ஆரம்பிச்சிடுவான்.

ஜெயம்மாள்: போட்டுத்தான் கீது. பாரு, புள்ளி புள்ளியா மாவு சலிக்குது. நாகேந்திரன் மாடியில ஏறி ஆன்டெனாவைத் திருப்பிகினு கீறான். எம் மருமவ மாடிப்படியில நின்னுகினு, நான் சொல்றதை அவனுக்கு எடுத்துச் சொல்லிகினு கீறா.

பத்மா: அத்தே, இப்போ தெரியுதான்னு கேக்கறாரு.

ஜெயம்மாள்: தெரியலன்னு சொல்லு பத்மா. தலை தெரியுது, ஒடம்பு தெரியல. இன்னும் கொஞ்சம் மலைப்பக்கமா திருப்பச் சொல்லு.

தில்ஷாத்: போன வாரமும் இதே வேலைதானே. ரிப்பேர் கடையை மூடிட்டு ஞாயித்துக்கிழமை தவறாம உங்க மாடிக்கு வந்துடறாரு பாவம்.

ஜெயம்மாள்: இன்னா பண்றது? மலையிலருந்து எறங்கி வர்ற குரங்கு நம்ம வீட்டு ஆன்டெனாவை மட்டும்தான் புடிச்சித் திருப்புதாம். பக்கத்துல பங்காரு வீட்டு ஆன்டெனாவைத் தொடறதே இல்ல.

தில்ஷாத்: உங்களுது ஒசரம் ஜாஸ்தி, அதான்...

ஜெயம்மாள்: ஆங். அதுவும் சனிக்கெழமை சாயங்காலத்துலதான் வருது. படிக்குக் கீழ செருப்பைக் கழட்டி வச்சிட்டு, சத்தமில்லாம ஏறுற குரங்கு. டீ ஆறுது. குடி.

தில்ஷாத்: பெரிம்மா, நடு ரூம்ல இருந்த நூல் மூட்டையெல்லாம் எங்க? ரூமே பளிச்சுனு கீது.

ஜெயம்மாள்: பின்கட்டுக்குத் தள்ளிட்டேன். எலி தொந்தரவு. நீ பேச்சை மாத்தாதே. எனக்கு அந்தக் கதையில கொஞ்சம் சந்தேகம் கீது, அதைத் தீத்து வை. கல்யாணம் வேணாம்னு சொன்ன பொண்ணு, கையில பொட்டி எடுத்துகினு வாசப்படி எறங்குச்சே. அது எதுக்கு?

தில்ஷாத்: அதுவா... சலவைக்குப் போட.

ஜெயம்மாள்: தகரப் பொட்டியிலயா சலவைக்குப் போடுவாங்க?

தில்ஷாத்: பம்பாய்ல அப்டித்தான் பெரிம்மா. பெரிய எடம்.

ஜெயம்மாள்: சரி. அந்த மாமியாரு, மாஜின்னு கூப்டறாங்களே. அது கண்ணை உருட்டி, பல்லைக் கடிச்சி, கை நீட்டி நீட்டிப் பேசும். நீ "மருமவளே, சாப்பிட்டியா, வெயில்ல போகாதே"ன்னு சொல்றதா எங்களுக்குத் தமிழ்ல சொல்லுவே.

தில்ஷாத்: அவங்க ஊர்ல பாசமா பேசறதே அந்த மாதிரிதான்.

ஜெயம்மாள்: நம்மகூட டிவி பாக்க வர்ற எல்லம்மா இன்னா நெனச்சிகினு கீறா தெரியுமா? அந்தம்மாவுக்குத் தொண்டையில ஏதோ வியாதி, அதான் மெதுவா பேச வரலன்னு. போன கிருத்திகைக்கு மலைக்குப் போனவ, அந்தம்மா பேருக்கும் சேத்து ஒரு கற்பூரம் ஏத்திட்டு வந்தா.

தில்ஷாத்: ஐயோ பாவம்.

ஜெயம்மாள்: தேசப்பன் பொண்டாட்டி இன்னும் ஒரு படி மேல. "இப்டி ஒரு மாமியார் எனக்குக் கெடைச்சிருந்தா நான் ஏன் தனிக்குடித்தனம் போறேன்"னு இங்கயே ஒக்காந்து மூக்கைச் சிந்தினா. அவ மாமியாரும் பக்கத்துலதான் கீறா. மொறைச்சிகினு வந்த ரெண்டு பேரும், ஒரே முந்தானையில கண்ணைத் தொடைச்சிகினு போனாங்க.

தில்ஷாத்: நல்லதுதானே நடந்துது...

ஜெயம்மாள்: நல்லதுதான். யாரு இல்லன்னா? இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கல்பனாவைக் கட்டிக்கறேன்னு வர்றானே மீசைக்காரன், அவன் இன்னா வேலை பாக்கறான்?

தில்ஷாத்: அதான் அன்னிக்கே சொன்னேனே. ரேடியோ ரிப்பேரு.

ஜெயம்மாள்: கறுப்புக் கோட்டு போட்டுகினா?

தில்ஷாத்: ...பம்பாய்ல...

ஜெயம்மாள்: பம்பாயை உடு. அவன் வக்கீலு. சொத்தைப் பிரிச்சிக் குடுக்க வந்தவன். அவன் கையில இருந்தது டூல்ஸ் பை இல்ல, கேஸ் கட்டு. போன வாரம் அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டு, "இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டுப் பொட்டியைத் தூக்கிகினு போயிடுச்சி. மாஜி சாப்பிட்டியான்னு கேக்கல. "போய்த் தொலை"ன்னுச்சி.

தில்ஷாத்: பெரிம்மா... உங்களுக்கு இந்தி...

ஜெயம்மாள்: டிவி மேல போத்தி வச்சிருந்தேனே ஒரு போர்வை, பாத்திருக்கியா?

தில்ஷாத்: சோலாப்பூர் போர்வை. வாரா வாரம் நான்தானே எடுத்து மடிச்சி வைக்கறேன்.

ஜெயம்மாள்: அது எங்கப்பா தறியில நெய்ஞ்சது. பொழைப்புக்குன்னு பம்பாய்ப் பக்கம் சோலாப்பூர் போனவரு எங்கப்பா. நான் பதினாறு வயசு வரைக்கும் அங்கதான். தெருவுல விளையாடினது, தண்ணிக்குச் சண்டை போட்டது, அல்லாம் இந்திதான். கல்யாணமாகி இங்க வந்த புதுசுல, வளையல் விக்க வந்தவர்கிட்ட இந்தியில பேரம் பேசினேன். எம் மாமியாரு, "வந்ததும் வராததுமா வாய் இவ்ளோ நீளமா"ன்னுச்சி. அன்னிக்கு மூடினவதான். முப்பது வருஷமாச்சி. எம் புள்ளைக்கே கடைசி வரைக்கும் தெரியாது.

தில்ஷாத்: அப்போ... எட்டு மாசமா நான் சொன்னதையெல்லாம்...

ஜெயம்மாள்: கேட்டுகினுதான் இருந்தேன்.

தில்ஷாத்: அல்லா. நான் எங்க போய் மூஞ்சியை வச்சிக்கறது?

ஜெயம்மாள்: எங்கயும் போவாதே. ஒக்காரு. உன் கதைதான் நல்லாருந்துது. அவன் எடுத்த கதையை யாரு பாப்பா? சொல்லு, இன்னாத்துக்கு மாத்தினே?

தில்ஷாத்: மொதல்ல நெஜமாத்தான் சொன்னேன் பெரிம்மா. மொத வாரமே அந்த மாஜி, புருஷன் செத்த மருமவளைப் பாத்து, "எம் புள்ளையை முழுங்கிட்டே"ன்னு அறைஞ்சிது. நான் வாயைத் தொறந்து பாதி சொல்றேன்... தெரு ஜனம் மொத்தம் திரும்பி உங்களையும் பத்மாவையும் பாக்குது. பத்மா தலையைக் குனிஞ்சிகிச்சி. "அறைஞ்சது கொசு அடிக்க"ன்னுட்டேன்.

ஜெயம்மாள்: ஆங், கொசு. எனக்குச் சிரிப்பு வந்துது. எம் புள்ளை போன நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் மொதல்ல சிரிச்சேன்.

தில்ஷாத்: அப்பால நிறுத்த முடியல. மாஜியை நல்லவங்களா ஆக்கிட்டேன். உங்களை மாதிரியே.

ஜெயம்மாள்: ஐஸ் வைக்காதே. ரிப்பேர்காரன் எப்டி உள்ள வந்தான்?

தில்ஷாத்: அது... பத்மா என்கிட்ட ஒரு நாள் தண்ணிக் குழாயாண்ட...

பத்மா: அத்தே, இப்போ பாருங்க. இப்போ தெரியுதா?

ஜெயம்மாள்: இப்போ ரெண்டு மாஜி தெரியுது. ஒண்ணே தாங்கல. திருப்பச் சொல்லும்மா... நீ சொல்லு தில்ஷாது.

தில்ஷாத்: டிவி வாங்கின புதுசுல ஆன்டெனா கட்ட வந்தாரு இல்ல, அப்போலருந்து அவருக்கு பத்மா மேல ஒரு இது. பத்மாவுக்கும்தான். ஆனா அது உங்ககிட்ட எப்டிச் சொல்லும்? என்கிட்ட சொல்லிட்டு அழுவுது. நான்தான் கதையில உட்டுப் பாத்தேன். நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்கலாம்னு.

ஜெயம்மாள்: நான் இன்னா சொன்னேன்?

தில்ஷாத்: "நல்ல புள்ளையா கீறான், கட்டிக்கட்டுமே. எத்தினி நாளு ஒத்தையா கெடப்பா"ன்னு சொன்னீங்க.

ஜெயம்மாள்: டிவியைப் பாத்தா சொன்னேன்? பத்மாவைப் பாத்துச் சொன்னேன்டி. பத்துப் பேரு முன்னால, அவ காதுல உழட்டும்னு. கல்பனா வாயால நீ கேக்கறே, நான் பத்மாவுக்குப் பதில் சொல்றேன். மாசக்கணக்கா நாம பேசினது இதானே.

தில்ஷாத்: நான் ஒருத்தி... அந்தப் பொண்ணுக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சி வீட்ல போய் எம் புருஷங்கிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

ஜெயம்மாள்: அப்டிப் போயிகினு இருந்த கதை. தேதி பாக்கற வரைக்கும் வந்துடுச்சி. போன வாரம் திடீர்னு வேணாம்ன்றா. வேணாம்னது கல்பனா இல்லன்னு எனக்குத் தெரியும். பத்மா ஏன் வேணாம்னா? அதைச் சொல்லு மொதல்ல.

தில்ஷாத்: அதைச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குது பெரிம்மா.

ஜெயம்மாள்: "மாமியாரை உட்டுட்டுப் போக மனசில்ல"ன்னு சொன்னியே, அது நெஜமா?

தில்ஷாத்: பாதி நெஜம்.

ஜெயம்மாள்: எனக்கு ஒரு வாரமா சோறு எறங்கல தில்ஷாது. எம் புள்ளை பெருமாளு போனப்போ அவளுக்கு இருபத்திமூணு வயசு. அம்மா வீட்லருந்து வந்து கூப்ட்டாங்க, போவல. எனக்கு டைபாய்டு வந்தப்போ அவதான் எல்லாம் அள்ளிக் கொட்டினா. அவ போயிட்டா இந்த வீட்ல நான் யாரைக் கூப்டுவேன்னு எனக்கும் தெரியல, அது வேற விஷயம். ஆனா என்னால ஒருத்தி கல்யாணம் வேணாம்னா, நான் அந்த மாஜியை விட மோசம். அது அறைஞ்சிட்டு அனுப்பிச்சிடுச்சி. நான் அன்பா புடிச்சி வச்சிருக்கேன்.

தில்ஷாத்: அப்டியெல்லாம் பேசாதீங்க.

ஜெயம்மாள்: பத்மா... பத்மா. மேல சொன்னது போதும். எறங்கி இங்க வா.

பத்மா: படம் வந்துடுச்சா அத்தே?

ஜெயம்மாள்: வரும். நீ வா. செருப்பு அங்கயே கெடக்கட்டும்.

பத்மா: இன்னா அத்தே... தில்ஷாத், நீ ஏன் இப்டி முழிக்கறே? இன்னா சொன்னே?

தில்ஷாத்: நான் ஒண்ணும் சொல்லல. பெரிம்மாதான் சொன்னாங்க. இந்தி அல்லாம் அவங்களுக்குத் தெரியுமாம். மொதல்லருந்து.

ஜெயம்மாள்: சனிக்கெழமை ஆன்டெனாவைத் திருப்புற குரங்கு யாருன்னும் தெரியும். தலையைத் தூக்கு. கோவமில்ல. அவன் ஊரு கனகம்மாசத்திரத்துல அவனுக்கு வீடு கீது, கடை வைக்க எடம் கீது. பஸ் ஏறினா முக்கா மணி நேரம். போயிட்டு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை வந்து என்னைப் பாத்துட்டுப் போ. இதுக்குப் போயா வேணாம்னே?

பத்மா: அதுக்கில்ல அத்தே.

ஜெயம்மாள்: அப்போ எதுக்கு?

பத்மா: உங்களைத் தனியா உட்டுட்டு வரமாட்டேன்னு அவருகிட்ட சொன்னேன். அவரு ஒரு நாள் டைம் கேட்டாரு. மறுநாள் வந்து, "சரி, நானே அந்த வீட்டுக்கு வந்துடறேன்"னாரு.

ஜெயம்மாள்: அவனா சொன்னான்? வீட்டோட மாப்பிள்ளையாவா?

பத்மா: ஆங். ஊர்ல சிரிச்சா சிரிக்கட்டும்னாரு. ஆனா ஒண்ணு. "அது அவங்க புள்ளை வாழ்ந்த வீடு. அந்தம்மா அவங்க வாயால கூப்ட்டாத்தான் வருவேன். நீ கூப்ட்டா வரமாட்டேன்"னுட்டாரு.

தில்ஷாத்: இதான் பெரிம்மா மீதி பாதி. இதைக் கதையில சேத்துச் சொல்லட்டான்னு கேட்டேன். வேணவே வேணாம்னு கையைப் புடிச்சிகிச்சி. அதான் கல்பனாவை வேணாம்னு சொல்ல வச்சேன்.

ஜெயம்மாள்: ஏன் பத்மா? ரிப்பேர்காரனைச் சொன்னே. இதைச் சொன்னா இன்னா?

பத்மா: எப்டி அத்தே சொல்லுவேன்? எனக்குக் கல்யாணம் வேணும்னு கேக்கலாம். உங்க புள்ளை ஒக்காந்து சாப்ட்ட எடத்துல இன்னொருத்தரு ஒக்காரட்டும், நீங்களே கூப்டுங்கன்னு... அதை எந்த வாயால கேக்கறது? நீங்க சரின்னு சொல்லிட்டு, அப்பால உள்ள போய் அழுதா... அதுக்கு அவரு வேணாம்னே இருந்துடலாம்னு நெனச்சேன்.

ஜெயம்மாள்: அழத்தான் அழுவேன். இல்லன்னு சொல்லல. அழுதுட்டு வந்து சோறு போடுவேன். ரெண்டும் எனக்கு வரும்.

பத்மா: அத்தே...

தில்ஷாத்: மணி பத்தாவுது பெரிம்மா. எல்லம்மா, தேசப்பன் வீட்டாளுங்க அல்லாம் வந்துகினு கீறாங்க. அப்பால பேசலாம்.

ஜெயம்மாள்: அப்பால அப்பாலன்னு எட்டு மாசம் ஓடிப்போச்சி. வரட்டும். வந்து ஒக்காரட்டும். இன்னிக்கு நீ தமிழ் சொல்ல வேணாம் தில்ஷாது.

நாகேந்திரன்: கீழ யாருமே இல்லயா? பத்மா... படம் தெரியுதான்னு கேளு. கை வலிக்குது.

பத்மா: அத்தே, நான் போய்ச் சொல்லிட்டு...

ஜெயம்மாள்: நீ நில்லு. அவன் என் வாயால கேக்கணும்னுதானே சொன்னான்? எனக்கும் ஆறு மாசமா வாய் வரைக்கும் வந்து வந்து நின்னுது. வீட்டோட வந்து இருன்னா ஒரு ஆம்பளையை மட்டம் தட்டின மாதிரி ஆயிடுமேன்னு முழுங்கிகினு இருந்தேன்... நைனா, நாகேந்திரா.

நாகேந்திரன்: சொல்லும்மா. இந்தப் பக்கம் திருப்பட்டா?

ஜெயம்மாள்: எந்தப் பக்கமும் வேணாம். அதை உட்டுட்டு எறங்கி வா. நேத்து நூல் மூட்டையெல்லாம் எடுத்துட்டு நடு ரூமைக் கழுவி வச்சிருக்கேன். எலி கிலி ஒண்ணும் இல்ல, இவளுங்களுக்குச் சொன்னது பொய்யி. உனக்குன்னுதான் காலி பண்ணேன். எம் மருமவளைக் கட்டிகினு எங்களோடயே வந்து இருந்துடு நைனா. பெருமாளோட அம்மாதான் கேக்கறேன்.