மேற்குக் கதவு

— நேத்து நீங்க குடுத்த நாடகத்தை முழுசாப் படிச்சிட்டேன், ஞானசீலன் சார். எல்லாஞ் சரி. மேடையில மட்டும் ஒத்தைக் கதவு போட்டிருக்கீக. எங்க பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமுக்கு ரெண்டு கதவு. கிழக்க ஒண்ணு, மேற்க ஒண்ணு.

— ஒரு கதவு போதும், பெனிட்டோ. நம் கோயில் வளாகத்து மேடை மிகவும் குறுகலானது. அதிலே வெடி வெடிக்க வேண்டும், சுவர் சாய வேண்டும், நீங்கள் அதன் அடியில் அகப்பட வேண்டும். இத்தனைக்கும் இடம் வேண்டுமல்லவா?

— கோயில்ல போடுற அசனச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு நாடகம் பாக்க உக்காருறவுக முக்காவாசிப் பேரு பட்டாசுக் கம்பெனி ஆளுக. மருந்து ரூமுக்கு ஒத்தைக் கதவைப் பாத்தா, இதென்னலே கக்கூஸான்னு சிரிப்பாக.

— சார் சொல்லுறபடி ஒண்ணே இருந்துட்டுப் போகட்டும்ங்க. நாடகந்தானே.

— நீ டீயைக் கொதிக்க விடு, பெர்சி. என் முதுகெலும்பு ஒடிஞ்ச இடத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்.

— சண்டை வேண்டாம். பெர்சிஸ் அம்மா இன்னும் படிக்கவில்லை. அவருக்காக முதலிலிருந்து கூறுகிறேன். இது பெனிட்டோவின் வாழ்க்கை வரலாற்று நாடகம். காட்சிகள் ஐந்து. முதற்காட்சி, கைப்பந்துத் திடல். பெனிட்டோ துள்ளித் துள்ளிப் பந்தை அடிக்கிறார். இரண்டாம் காட்சி, விசுவநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி, வெடி விபத்து. மூன்றாம் காட்சி, மதுரை ஆஸ்பத்திரி. இடுப்புக்குக் கீழே இனி உணர்வு வராது என்று மருத்துவர் சொல்லுகிறார். நான்காம் காட்சி, திருமணம். ஐந்தாம் காட்சி, எட்டாண்டுகள் கழித்து, இதோ இந்த வீடு. சன்னலோரம் செல்போன் ரீசார்ஜ் கடை, சக்கர நாற்காலி, சிரித்த முகம்.

— கடைசியில என்னை எந்திரிச்சு நடக்க வச்சிர மாட்டீகளே? போன வருச நாடகத்துல செத்தவரையே எந்திரிக்க வச்சீக.

— அது வேதத்தில் உள்ளது. இது உங்கள் கதை. நீங்கள் நடக்க மாட்டீர்கள்.

— நல்லதாப் போச்சு. நடந்தேன்னு வையிங்க, மறுநாளே ரேசன் கடைக்கு என்னைத்தான் பையைக் குடுத்து அனுப்புவா.

— சும்மா கெடங்க. சாரு முன்னாடி என்ன பேச்சு?

— அஞ்சாவது காட்சியில சிரிச்ச முகம்னு எழுதியிருக்கீகளே, சார், அதோட இன்னொண்ணையும் சேருங்க. ராத்திரி பூரா இவ என்னைப் புரட்டிப் புரட்டிப் போடுதா. ஒரே பக்கம் கெடந்தா முதுகு புண்ணாயிரும்லா. அலாரம் கெடையாது, தானா முழிப்பா. நான் நல்லாத் தூங்குவேன். இவதான் எட்டு வருசமா ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல.

— எழுதியிருக்கிறேன். பெர்சிஸைப் போல் ஒரு பெண் உண்டா என்று ஊரே பேசுகிறதே, அதை எழுதாமல் விடுவேனா? சொல்லப்போனால் நான்காம் காட்சிதான் நாடகத்தின் உச்சம். அங்கே இவரே ஒரு கீர்த்தனை பாட வேண்டும் என்பது என் விருப்பம். அந்நாளில் பாடகர் குழுவில் முதற்குரல் இவருடையதல்லவா?

— நான் இப்பம் பாடுறதில்ல, சார்.

— ஏனம்மா?

— தொண்டை போச்சு.

— பேசும்போது நன்றாகத்தானே இருக்கிறது! சரி, அது கிடக்கட்டும். நான்காம் காட்சியில் எனக்கு வேறொரு சிக்கல். நாடகம் என்றால் ஒவ்வொரு செயலுக்கும் காரணம் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண், நடக்கவே இயலாத ஒருவரை மணக்க ஏன் இசைந்தார்? திருமணத்துக்கு முன்பே பழக்கம் உண்டா?

— ஒரு வார்த்தை பேசிப் பழகினதில்ல, சார். ஒரே கம்பெனிதான். ஆனா அவ பேக்கிங் ஷெட்டு, நான் மருந்து ரூமு.

— பிறகு?

— பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து கேட்டாக, சார். சரின்னேன்.

— உடனேயா?

— உடனேதான்.

— தாய் தந்தையரைக் கலக்காமலா?

— அம்மா அழுதாக. அப்பா ஒரு மாசம் எங்கூடப் பேசலை. இருங்க, டீயை வடிகட்டிட்டு வந்துருதேன்.

— பார்த்தீர்களா, பெனிட்டோ? கேட்டால் எழுந்து போய்விடுகிறார். காரணம் இல்லாத நல்ல செயலை மேடையில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால்தான் போதகர் ரத்தினசாமி ஐயாவைக் கொண்டுவந்தேன். ஐயா விடிய விடிய ஜெபிக்கிறார். கோயில் மணி அடிக்கும்போது, பெர்சிஸ் என்னும் பெயர் அவர் உள்ளத்தில் தோன்றுகிறது. அதாவது, கடவுளே தேர்ந்தெடுக்கிறார். ஐயா இன்று உயிரோடு இல்லை, கேட்டுத் தெளிய வழியில்லை. ஆயினும் சபையார் அனைவரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

— படிச்சேன் சார். அந்தப் பக்கத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

— மனத்தை உருக்குகிறதல்லவா?

— என்னமோ செய்யுது. மொதல்ல கதவைப் பேசி முடிப்போம்.

— விடமாட்டீர்கள் போலிருக்கிறதே! சரி, இரண்டு கதவு வைக்கிறேன். உடனே பார்ப்பவர் ஒரு கேள்வி கேட்பார். தீப்பிடித்தபோது நீங்கள் எந்தக் கதவருகே இருந்தீர்கள்?

— மேற்குக் கதவுகிட்ட. உக்காந்தபடி கையை நீட்டினா எட்டும்.

— சுவர் உங்கள் மேல் விழுந்ததோ கிழக்கே. கை எட்டும் கதவை விட்டுவிட்டு, அறையைக் குறுக்கே கடந்து ஏன் ஓடினீர்கள்?

— சார், இந்தாங்க, டீ எடுத்துக்கோங்க. சீனி போதுமா பாருங்க.

— போதும் அம்மா. இந்தக் கேள்விக்கும் நான் ஒரு விடை வைத்திருக்கிறேன். கிழக்கு மூலையில் ஒரு சிறுமி மயங்கிக் கிடக்கிறாள். அவளைத் தூக்கத்தான் நீங்கள் அங்கே ஓடுகிறீர்கள்.

— ஏன் சார், எல்லாரும் டீக்குப் போயிட்டாக, ரூமுல நான் ஒருத்தன்தான். இல்லாத பிள்ளையைக் காப்பாத்துன பேரு எனக்கு எதுக்கு?

— அப்படியானால் உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

— மேற்குக் கதவைத்தான் மொதல்ல தள்ளினேன். மருந்து ரூமுக் கதவெல்லாம் வெளிப்பக்கமாத் தெறக்கும். வேலை நேரத்துல தாழ்ப்பாள் போடக்கூடாது, போடவும் இல்ல. ஆனா தெறக்கல. வெளிய என்னமோ மறிச்சிக்கிட்டு நின்னுச்சு. தோளைக் குடுத்து முட்டினேன், அசையல. அதுக்குப் பெறகுதான் கிழக்க ஓடினேன்.

— ஐயோ! டீ! அம்மா, அவர் மடியில் கொட்டிவிட்டீர்களே!

— மடியிலயா? எங்கன?

— கொதிக்கக் கொதிக்கத் தொடையில் வழிகிறது, நீங்கள் பேசிக்கொண்டே இருக்கிறீர்களே! சுடவில்லையா?

— தெரியாது சார். குனிஞ்சு பாத்தாத்தான் எனக்கு விவரம் தெரியும். ஆமா, ஆவி பறக்குது. அப்பம் சூடாத்தான் இருக்கும்.

— ஆண்டவரே… ஆண்டவரே… வேட்டியை விலக்குங்க. தண்ணி… தண்ணி எங்க வச்சேன்…

— பானை உனக்குப் பின்னாடிதான் இருக்கு. பதறாத பிள்ள, நிதானமா ஊத்து. சாரு வெளுத்துப் போயிட்டாக பாரு.

— தோல் சிவந்து பொங்குகிறது, பெனிட்டோ. இப்படி ஒன்றை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. உங்கள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லையே!

— எனக்குப் பழகிப்போச்சு. ஆனா ஒண்ணு, சார். இத்தனை வருசத்துல என் மேல ஒரு சொட்டு சிந்தினவ இல்ல இவ.

— கை வழுக்கிருச்சு, சார். வேற ஒண்ணுமில்ல. வழுக்கிருச்சு.

— அமருங்கள் அம்மா. பெனிட்டோ, கதவை மறித்து நின்றது எது?

— தெரியலை. அம்புட்டும் எரிஞ்சு சாம்பலாப் போச்சு.

— விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னீர்களா?

— அவுக கேக்கல. நானும் சொல்லல.

— எட்டாண்டுகளாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லையா! அப்படியானால் இது வெறும் விபத்து அன்று. யாரோ ஒருவர் அந்தக் கதவை மறித்திருக்கிறார். அவர் இன்றைக்கும் இந்த ஊரில் நடமாடுகிறார். உங்கள் கடைக்கே வந்து ரீசார்ஜ் செய்துகொண்டு போகிறாரோ, என்னவோ!

— இருக்கும், சார்.

— என் நாடகத்தில் இல்லாதிருந்த காரணம் கிடைத்துவிட்டது.

— அதை எழுதாதீக, சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். தெரியாமச் செஞ்சிருப்பாக.

— தெரியாமல் செய்திருந்தால், மறுநாளே வந்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டாமா? உங்கள் நல்ல மனம் பேசுகிறது, அம்மா. ஆனால் உண்மை வெளிப்பட வேண்டும். மேற்குக் கதவு மேடையில் இருக்கும். பெனிட்டோவாக நடிப்பவர் தள்ளுவார், திறக்காது. அப்படியே விளக்கை அணைத்துவிட்டு, மறித்தவர் யார் என்று சபையைப் பார்த்துக் கேட்பேன். கூட்டத்தில் ஒரு தலையாவது குனியாமலா போகும்?

— சார்…

— அதற்கு முன் நாளைக் காலையில் வெள்ளைத்தாயைப் போய்ப் பார்க்கிறேன். அன்றைக்குப் பேக்கிங் ஷெட்டில் உங்களோடு இருந்தவர் அவர்; பதறியிருக்கும் உங்களை இப்போது கேட்க மாட்டேன், அம்மா. மேற்குப் பக்கம் யார் போனார், யார் வந்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பேருந்துக்கு நேரமாயிற்று, வருகிறேன். கொப்புளம் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. வருகிறேன், பெனிட்டோ.

— போயிட்டு வாங்க சார். வாசப்படி உயரம், பாத்து எறங்குங்க.

— போயிட்டாரா?

— தெரு முக்குத் திரும்பிட்டாரு. களிம்பு போதும், பெர்சி. எம்புட்டுத்தான் தடவுவ?

— நாடகமே வேண்டாம்னு சொல்லிருங்க. இப்பமே போன் போட்டுச் சொல்லிருங்க.

— ஏன்?

— ஊரு முன்னாடி உங்களை விழ வச்சுக் காட்டுறது எனக்குப் பிடிக்கல.

— நான் விழுறதா பிடிக்கல? கதவு தெறக்காததா?

— என்னங்க கேக்கீக?

— அன்னைக்குத் தூறல் போட்டுச்சு. நம்ம பக்கத்துல ஆவணியில மழை ஏது? ஆனா அன்னைக்குப் போட்டுச்சு. பட்டாசுப் பெட்டிக்கு அச்சடிச்சுப் பிரஸ்ஸிலருந்து வந்த அட்டைக் கட்டெல்லாம் வெட்டவெளியில கெடந்துச்சு. தீபாவளி ஆர்டரு. நனைஞ்சா அம்புட்டும் வீணு.

— அட்டைக் கட்டா? மறிச்சது என்னன்னு தெரியலைன்னு இப்பந்தானே சொன்னீக!

— சார்கிட்டத்தானே சொன்னேன்.

— ஆண்டவரே!

— மேற்குக் கதவுக்கு மேலதான் தகரம் எறக்கியிருந்துச்சு. ஒரு பிள்ள பாடிக்கிட்டே ஒவ்வொரு கட்டாக் கொண்டாந்து அதுக்கடியில அடுக்குச்சு. கதவை மறிக்காத பிள்ளன்னு உள்ள இருந்து சத்தம் போட்டேன். இந்தா, மழை விடட்டும்ணே, எடுத்துருதேன்னு பதில் வந்துச்சு.

— அது யாரு குரல்னு உங்களுக்குத் தெரியாதுன்னு இருந்தேன். இத்தனை வருசமும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— ஞாயித்துக்கிழமை தவறாமக் கோயில்ல கேட்ட குரலு. தெரியாமப் போகுமா?

— எடுக்கத்தான் வந்தேன்ங்க! சத்தியமா எடுக்கத்தான் வந்தேன். டீக்குக் கூப்பிட்டாக. ஒரு வாய் குடிச்சிட்டு வந்துருவோம்னு போனேன். திரும்பி வரும்போது, அந்தப் புளியமரம் தாண்டலை, வெடிச்சுருச்சு.

— தெரியும்.

— தெரியும் தெரியும்னு எப்படிச் சொல்லுதீக நீங்க? தெரிஞ்சுமா என் கையால சோறு வாங்கித் தின்னீக? ஒவ்வொரு ராத்திரியும் உங்களைப் புரட்டும்போது, இன்னைக்குச் சொல்லிருவோம்னு வாயெடுப்பேன்.

— வாயெடுப்ப. அப்புறம் தலையாணியைத் தட்டிப் போட்டுட்டுப் படுத்துக்கிடுவ. அதுவும் எனக்குத் தெரியும்.

— நல்லாத் தூங்குவேன்னு சாருகிட்டச் சொன்னீகளே!

— அதுவும் சார்கிட்டத்தானே சொன்னேன்.

— அதுக்குத்தான் கதவு கதவுன்னு ஒத்தக்கால்ல நின்னீகளா? ஊர்ச்சனம் முன்னாடி என்னைக் காட்டிக் குடுக்கவா?

— ஒத்தக்கால்ல நிக்க எனக்கு ஏது காலு? காட்டிக் குடுக்கணும்னா சார்கிட்ட உன் பேரைச் சொல்ல எம்புட்டு நேரமாகும்? உன் வாயால நீயே சொல்லுவியான்னு பாத்தேன். நீ சொல்லிட்டா, நானும் ஒண்ணு சொல்லணும். நாலாவது காட்சியைப் படிச்சதுலருந்து மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. ஆண்டவரே உன்னைத் தேர்ந்தெடுத்தாராம்!

— அதுல என்ன தப்பு? அவருதான் தேர்ந்தெடுத்தாரு. சாரு அதை மட்டும் சரியாத்தான் எழுதியிருக்காக. என்ன செஞ்சா இந்தப் பாவம் தீரும், ஒரு வழி காட்டும்னு முட்டங்கால் போட்டு அழுதேன். மறுவாரமே பாஸ்டர் ஐயா எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காக. உங்க பேரைச் சொல்லுதாக. ஆண்டவரே ஆள் அனுப்பிட்டாருன்னுதான் ஒரு நிமிசங்கூட யோசிக்காமச் சரின்னேன். இந்த எட்டு வருசத்தையும் அதை நம்பித்தானே ஓட்டினேன்.

— பாஸ்டர் ஐயாவை உங்க வீட்டுக்கு அனுப்புனது ஆண்டவர் இல்ல, பெர்சி. நான்.

— நீங்களா? அட்டைக் கட்டை அடுக்குனவ நான்தான்னு தெரிஞ்சிருந்துமா என்னைக் கேட்டு ஆள் விட்டீக?

— தெரிஞ்சதுனாலதான் விட்டேன். மாட்டேன்னு சொல்ல முடியாத பொண்ணு இந்த ஊர்ல நீ ஒருத்திதானே இருந்த.