சுகசீதாவின் அப்பா பேசுகிறேன்

மேடையில் அமரராகி இருக்கும் தலைவர் அவர்களே...

பொறுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? தலைவர் ஏன் தம் நாடியைத் தாமே பிடித்துப் பார்க்கிறார்?

சரி, புரிந்துவிட்டது. 'உட்கார்ந்திருக்கும்' என்று எழுதினால் மேடைக்கு அழகில்லை, 'அமர்ந்திருக்கும்' என்று எழுதுவோம் என்று நினைத்தேன். அதற்கும் ஒரு படி மேலே போவோம் என்று போனேன். போன வேகத்தில் தலைவரைச் சொர்க்கத்துக்கே அனுப்பிவிட்டேன். ஐயா மன்னிக்க வேண்டும். மறுபடி தொடங்குகிறேன்.

உயிரோடும் உவகையோடும் உட்கார்ந்திருக்கும் தலைவர், நம் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் திரு. சிரில் அவர்களே, தோட்டத்து ஆபீசில் நம் பெயர்களையெல்லாம் பிழையில்லாமல் எழுதும் பெருந்தகை, கிராணி ராதாகிருஷ்ணன் அவர்களே, பனி பெய்யும் காலையில் பச்சை மலைக்குப் பாதை போட்ட பெரியோர்களே, கொழுந்து கிள்ளும் கையால் குடும்பத்தைக் கரையேற்றும் தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டு சாப்பாடு எப்போது என்று கேட்கும் லோரி ஓட்டுநர் கந்தன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் இந்த நல்லுசாமியின் நன்றி கலந்த வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். பேக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் இருபத்திரண்டு வருடமாக நானும் வாடிக்கொண்டிருக்கிறேன். படிப்பு ஆறாம் வகுப்பு. அந்த ஆறாம் வகுப்பிலும் முதல் வருடம் நான் அதைப் படித்தேன், இரண்டாம் வருடம் அது என்னைப் படித்தது. அப்படிப்பட்டவனுக்கு எதற்கு மேடை? எதற்கு மாலை? எதற்கு இந்த மைக்? என் மகள் அம்சவல்லி பினாங்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆசிரியர் கல்வி படித்துப் பட்டம் வாங்கி வந்திருக்கிறாள். நாளை மறுநாள் ரவுப்பில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேலைக்குச் சேரப் போகிறாள். பட்டம் அவளுக்கு, பந்தா எனக்கு. அதற்குத்தான் இந்த மேடை.

கந்தன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நீங்களும் மனதுக்குள் கேட்டிருப்பீர்கள். "ஏண்ணே, வாத்தியார் வேலைக்கு எதுக்கு நாலு வருசம்? தெரிஞ்சதச் சொல்லிக் குடுக்க வேண்டியதுதானேலா?"

நல்ல கேள்வி. நாலு வருடம் அப்படி என்ன படித்தாள்? எனக்கும் தெரியாது. முதல் வருடம் கடிதம் எழுதினாள், 'மைக்ரோ பாடம் எடுத்தேன்' என்று. மகளுக்கு மைக் பிடித்துப் பேசப் பழக்குகிறார்கள் என்று நம் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கூடப் படிக்கும் பிள்ளைகள் ஆறு பேரைச் சின்னப் பிள்ளைகளாக நடிக்கச் சொல்லி, அவர்கள் முன்னால் பத்தே நிமிடம் பாடம் நடத்துவதாம் அது. மைக்கே கிடையாதாம்.

ஆனால் இரண்டாம் வருடம் படித்தது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்தப் பாடமே நான்தான்.

சிரிக்காதீர்கள், உண்மை. அதைச் சொல்வதற்கு முன்னால் எண்பதாம் ஆண்டு வந்த கடிதத்தைச் சொல்ல வேண்டும். கிராணி ஐயா இப்போதே தலையைக் குனிந்து சிரிக்கிறார்.

அம்சவல்லி பெயருக்கு ஓர் உறை வந்தது. பிரித்தேன். மலாய்க் கடிதம். எனக்குப் பேச்சு மலாய் சரளம். பிரிஞ்சாங் பாசாரில் விலை பேசச் சொன்னால் மீன்காரனையே அழவைப்பேன். எழுத்து மலாய் மட்டும் ஆகாது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். முதல் வரியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. 'சுகசீதா'.

ஆகா, உறை நம்முடையது, உள்ளே இருக்கும் கடிதம் யாரோ சுகசீதாவுடையது, மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது பாவமல்லவா? உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன். ஆபீசுக்குப் போனேன். "ஐயா, இந்தச் சுகசீதா யாரு பெத்த பொண்ணோ, பாவம் காத்துக்கிட்டு இருக்கும். திருப்பி அனுப்பிடுங்க."

கிராணி ஐயா பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி படித்தார். "யோவ் நல்லுசாமி, இது பேரு இல்லய்யா. சுகாசித்தான்னா மகிழ்ச்சி. மகிழ்ச்சியோட தெரிவிச்சுக்கிறோம், உன் மகளுக்கு எடம் கெடச்சிருக்குன்னு எழுதியிருக்கான்யா."

அவர் அன்று லீவில் இருந்திருந்தால்? அந்த உறை திரும்பிப் போயிருந்தால்? இன்று இந்த மேடை ஏது, மாலை ஏது, மகிழ்ச்சி ஏது? அன்றிலிருந்து இந்த லயத்தில் எனக்கு ஒரு பெயர். ஆமாம் வேலாயி அக்கா, சத்தமாகவே சொல்லுங்கள். 'சுகசீதா அப்பா'.

இரண்டு வருடம் கழித்து, எண்பத்திரண்டில், விடுமுறைக்கு வந்தாள் அம்சவல்லி. கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"அப்பா, ஒரு எடுபணி குடுத்திருக்காங்க. மலாய் வாசிக்கப் பயப்படற ஒருத்தரத் தேர்ந்தெடுக்கணும். மூணு வாரத்துல ஆறு பாடம் நடத்தணும். கடைசில அவர் அஞ்சு பேரு முன்னால, இதுக்கு முன்ன பார்க்காத ஒரு பகுதிய உதவியில்லாம வாசிக்கணும். நடந்ததையெல்லாம் நான் அறிக்கையா எழுதணும்."

"நல்லதும்மா. யாரு அந்தப் பாவப்பட்ட ஆளு?"

அவள் என்னையே பார்த்தாள்.

"ஏன்டி, லயத்துல எத்தனை பேரு இருக்காங்க. பெத்த அப்பன்தான் கெடச்சேனா?"

"கடுதாசியத் திருப்பி அனுப்பப் பார்த்தது நீங்கதானேப்பா."

பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்கு நான் செயலாளர். மலாய்க் கடிதம் வந்தால் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று சொல்லியே ஆறு வருடம் ஓட்டியவன். மூக்குக் கண்ணாடியே என்னிடம் கிடையாது. அந்தக் குட்டு ஐந்து பேர் முன்னால் உடைய வேண்டுமா? முடியாது என்றேன். அப்போது ஒன்று சொன்னாள். நடுவில் ஆள் விலகினால் பணி முடியாததாகக் கணக்காகுமாம். அந்தப் பாடத்தை அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டுமாம். ஒரு வருடம் பின்னால் போய்விடுவாளாம். ஒத்துக்கொண்டேன்.

அடுக்களையில் வகுப்பு. சுவரெல்லாம் சொல் எழுதிய அட்டைகள். உப்புக்கு மேலே ஓர் அட்டை, மிளகாய்க்கு மேலே ஓர் அட்டை. என் மனைவி ருக்குமணி பூண்டு உரித்துக்கொண்டே இருப்பாள், இங்கே பாடம் நடக்கும். முதலில் பீடிகை என்றாள் மகள். எனக்குத் தெரிந்த பீடிகை பெண் கேட்க வருகிறவர்கள் போடுவது. இவள் போட்ட பீடிகை என்ன தெரியுமா? பாவாடை மடியிலிருந்து ஒரு பிடி பச்சைக் கொழுந்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அப்பா, கிள்ளும்போது எப்படிக் கிள்ளணும்?"

"ரெண்டு எல, ஒரு கொழுந்து. இது தெரியாதா?"

ஓர் அட்டையை வைத்தாள். 'கெபெர்சிஹான்'. என் கண்ணுக்கு அது மூங்கில் காடு. அவள் முன்னால் இருந்த 'கெ'யை விரலால் மறைத்தாள். "இது ஒரு எல." பின்னால் இருந்த 'ஆன்' என்பதை மறைத்தாள். "இது ஒரு எல. நடுவுல கொழுந்து என்னா?"

'பெர்சிஹ்'. சுத்தம். தினமும் நான் வாயால் சொல்கிற சொல். இத்தனை நாள் இலைக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

சபையோரே, எந்தப் புத்தகத்தில் இருந்தது அந்தப் பாடம்? எந்தப் பேராசிரியர் எழுதினார் அதை? அப்பனுக்கு எது தெரியும் என்று முதலில் தேடி, அங்கிருந்து அவனைக் கைபிடித்து அழைத்துப் போகும் வழி அது. கந்தா, நாலு வருடம் எதற்கு என்று கேட்டாயே. இதற்குத்தான்.

மூன்றாம் பாடம் முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். "அப்பா, ஒரு சொல் வரலன்னா ஒடனே ஒரு ஜோக் சொல்றீங்க. இன்னைக்கு எட்டு."

அடுப்படியிலிருந்து ருக்குமணி, "ஒம்பது," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அறிக்கையில் அதை எழுதியும் விட்டாள். 'கற்பவர் தம் அச்சத்தை நகைச்சுவையால் மூடுகிறார்.' இருபது வருடம் என்னோடு வேலை செய்தவர்கள் என்னைச் சிரிப்புக்காரன் என்றீர்கள். அவள் ஒருத்திதான் அந்தச் சிரிப்பைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஆசிரியர் படிப்பில் அதற்கும் ஒரு பாடம் இருக்கிறதாம்.

ஆறு பாடமும் முடிந்தன. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நம் பள்ளியில் வாசிப்பு. கேட்பதற்குத் தலைமையாசிரியர், கிராணி ஐயா, வேலாயி அக்கா, இன்னும் சிலர். அன்று காலை நான் என்ன செய்தேன்? இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, கந்தனைத் தவிர.

ஓடிவிட்டேன்.

கந்தனின் லோரியில் ஏறிவிட்டேன். "எங்கண்ணே, ஞாயித்துக்கெழம?" என்றான்.

"கோலா தெர்லாவுல கோஸ் வாங்கணும்."

"உங்க வீட்டுக்குப் பின்னாடியே நாப்பது கோஸ் நிக்குதேலா."

பிரிஞ்சாங் தாண்டியது. காய்கறித் தோட்டங்கள் தாண்டின. கோலா தெர்லாவில் முன்னால் போன லோரிகள் நின்றதால் நாங்களும் நின்றோம். பக்கத்தில் பஸ் நிற்கும் இடம். கூரைக்கு மேலே ஒரு பலகை. எத்தனையோ தடவை அதன் கீழே நனையாமல் நின்றிருக்கிறேன். அன்று கண் சும்மா இருக்கவில்லை. தானாக முன் இலையைக் கிள்ளியது, பின் இலையைக் கிள்ளியது. 'பெர்-ஹெந்தி-ஆன்'. கொழுந்து எது? ஹெந்தி. நில்.

மகளை விட்டு ஓடுகிறவனைப் பார்த்து அந்தப் பலகை சொன்னது, நில் என்று. யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. யாரும் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. நானாக வாசித்த முதல் சொல்லே என்னைப் பிடித்து நிறுத்திய சொல்.

"கந்தா, திருப்புடா," என்றேன்.

"கோசு?"

"கோசு கெடக்கு. திருப்பு."

பதினொன்றரைக்குப் பள்ளிக்குள் நுழைந்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை. அம்சவல்லி பலகைக்குப் பக்கத்தில் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. "தயாராப்பா?" என்றாள்.

தலைமையாசிரியர் பக்கச் சுவரில் ஒரு பெரிய தாளை மாட்டினார். கிளினிக் அறிவிப்பு, பச்சைக் குழந்தைகளைப் பற்றி. எட்டு வரி. நான் அதன் பக்கத்தில் நின்று வாசித்தேன். முதல் வரி கல்லில் நடப்பதுபோல. இரண்டாம் வரி மண்ணில் நடப்பதுபோல. நாலாம் வரி நம் தார் ரோட்டில் நடப்பதுபோல. ஆறாம் வரியில் ஒரு சொல் வந்தது. நீளமான சொல். நின்றுவிட்டேன். வாயில் ஒரு ஜோக் வந்தது, அதை முழுங்கினேன். பிறகு வந்தது. 'பென்-ஜாகா-ஆன்'. நம் காவற்காரரை ஜாகா என்கிறோமே, அதே ஜாகா. காப்பது, பராமரிப்பது. எட்டு வரியும் முடித்தேன். வேலாயி அக்கா குலவையே போட்டுவிட்டார்.

அறிக்கையில் என் மகள் எழுதினாள், 'கற்பவர் முழுப் பகுதியையும் உதவியின்றி வாசித்தார்.' அந்தப் பணிக்கு அவள் வகுப்பிலேயே உயர்ந்த புள்ளி.

அன்பானவர்களே, இனி யாராவது கேட்கட்டும், வாத்தியார் வேலை என்ன பெரிய வேலை என்று. தெரிந்ததைச் சொல்ல ஒரு ரேடியோ போதும். தெரியாதவன் எங்கே நிற்கிறான் என்று தேடிப் போக மனிதர் வேண்டும். அவன் ஏன் சிரிக்கிறான் என்று கண்டுபிடிக்க மனிதர் வேண்டும். அவன் ஓடிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலும், சாக்கட்டியைக் கீழே வைக்காமல் நிற்கும் மனிதர் வேண்டும். அப்படி ஒருத்தியை இந்தத் தேயிலை மலை பெற்றது. இந்த லயம் வளர்த்தது. நாளை மறுநாள் ரவுப்பில் ஏதோ ஒரு வகுப்பில், கடைசி வரிசையில், என்னைப்போல் ஒருவன் ஜோக் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மகனே, கவலைப்படாதே. உன்னைத் தேடி ஆள் புறப்பட்டாயிற்று.

தலைமையேற்ற ஐயாவுக்கும், அன்று கடிதத்தைக் காப்பாற்றிய கிராணி ஐயாவுக்கும், லோரியைத் திருப்பிய கந்தனுக்கும், பசியோடு பொறுத்திருந்த உங்களுக்கும் நன்றி கூறி, குனிந்து கும்பிட்டு அமர்கிறேன். அமர மட்டும்தான் செய்கிறேன், அமரராகவில்லை. வணக்கம்.

இவ்வளவும் மேடையில் சொன்னது. ஒன்றைச் சொல்லவில்லை.

ஆறாம் வரியில் நின்றபோது எனக்கு அந்தச் சொல் வரவே இல்லை. இலையும் தெரியவில்லை, கொழுந்தும் தெரியவில்லை. திரும்பி ஆட்களைப் பார்த்தேன். சன்னல் ஓரம் ருக்குமணி நின்றாள். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை, இன்றைக்கும் கைநாட்டுதான். அவள் பார்வை என்மேல் இல்லை, தாளின்மேல் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. 'ஜாகா'.

அதைப் பார்த்துத்தான் வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஒனக்கு எப்படித் தெரியும்?" மிளகாய் டின்னுக்கு மேலே ஒட்டியிருந்த 'ஜாகா' அட்டையைக் கரண்டியால் காட்டினாள். "புள்ளைக்குப் புள்ளி போயிடும். வாயத் தொறக்காதீங்க," என்றாள்.

இன்று நான் ஆறாம் வரியைச் சொல்லத் தொடங்கியதும், முன்வரிசையில் இருந்த ருக்குமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் சொல்லவில்லை.