கழுத்தில் கட்டிய சாவி

இதை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சொன்னவன் என் நண்பன் அருண்ராஜ். நடந்தது அவன் சித்தப்பா பக்தவச்சலத்துக்கு. நேரம் மட்டும் மறக்கவில்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்பீர்கள்... இது மதியம் இரண்டு மணி.

மரக்காணம் உப்பளத்துக்குள் போகும் சாலை. ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் கண் கூசும் வெள்ளை. நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் சித்தப்பாவின் லேத், இரும்பைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம். உப்புத் தண்ணீர் அரித்த பம்ப் தண்டுகளைத் துரு போகச் சீவித் தருவார்.

தண்டைக் கவ்விச் சுற்றுவது சக். அதை இறுக்க ஒரு சாவி. இறுக்கியதும் எடுத்துவிட வேண்டும். மறந்து சுவிட்சைப் போட்டால்... தோட்டாதான்.

மாசியில் ஒரு நாள் சித்தப்பா மறந்தார். சாவி பறந்து, எதிரே நின்ற வேலையாள் கலியனின் நெற்றிக்குள் இறங்கியது. அங்கேயே உயிர் போனது.

"குடிச்சிட்டு அவனேதான் சாவிய சக்குலயே வுட்டுட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னார்.

கலியன் மனைவி ஆண்டாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "அவரு குடிக்கவே மாட்டாருங்க. ஊரே குடிகாரன்னு பேசுது. நீங்களாவது ஒரு வார்த்த உண்மைய சொல்லுங்க."

சித்தப்பா லேத் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கொட்டகையைத் திறந்தால்... ஆணியில் மாட்டிய சாவி சக்கில் செருகியிருக்கும். ஈரமாக. பயந்துபோய் அதை நைலான் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தூங்கும்போதும் கழற்றவில்லை.

நான் சொன்ன அந்த மதியம் அருண்ராஜ் உடன் இருந்தான்; அவனிடம் மட்டும் சித்தப்பா நடந்ததைச் சொல்லியிருந்தார். இரும்பு நீலச் சுருளாக உதிர்ந்தது. காய்ந்த எண்ணெய் வாடை. வேலை முடிந்தது.

"அந்தம்மாகிட்ட சொல்லிடு சித்தப்பா."

"நாளைக்குப் போறேன்டா. நச்சரிக்காத."

லேத்தை நிறுத்தினார். மின்சாரம் வராதபடி ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இனி என்ன பயம்? தண்டைக் கழற்றக் குனிந்து, கழுத்துக் கயிற்றோடேயே சாவியைச் சக்கில் செருகினார்.

டக்.

சக் சுற்றியது... கயிறு சுருண்டது. முகம் இரும்பில் மோதியது. ஒரு சுற்று. இரண்டு. காய்ந்த சவுக்குக் கிளை ஒடியும் சத்தம். தகரமெல்லாம் ரத்தம். மூன்றாவது சுற்றில் தானாக நின்றது.

ப்யூஸ் கட்டை பையிலேயே இருந்தது.

மறுநாள் அருண்ராஜ் ஆண்டாளிடம் போய் உண்மையைச் சொன்னான்.

"தெரியும்பா. நேத்தே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு."

"யாரு... கலியனா?"

"உங்க சித்தப்பாதான். ரெண்டு மணி இருக்கும். தல முதுகுப் பக்கமா திரும்பி இருந்துது."

லேத் பழைய இரும்புக்குப் போனது. அருண்ராஜ் பொம்மையார்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆண்டாள் இன்னமும் விடிகாலையில் உப்பு வாரப் போகிறாள். மதியம் வீடு திரும்பி, இரண்டு மணிக்குள் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள்.