எழுப்ப மறுத்த எங்கள் சத்தக்கார அக்காவுக்கு

மூளைப் படம் எடுக்கும் பணியில் முப்பத்தோர் ஆண்டுகள் முகம் சுளிக்காது உழைத்து, இன்று பணி ஓய்வு பெறும் முன்னவரே! குகை போன்ற ஸ்கேன் கருவிக்குள் கால் நீட்டக் கலங்கியவர்க்கெல்லாம் கைகொடுத்த கனிவே! "அசையாதீங்க" என்று ஊரையே அடக்கிவிட்டுத் தாம் மட்டும் அரை நொடி அமராத எங்கள் அக்காவே! வணக்கம்.

பெருந்துயரில் பிழைத்து, அதன் பீதியிலிருந்து மீளாதோர் பலரின் மூளையில், ஆபத்தை அறிவிக்கும் வலைப்பின்னல் ஆபத்து அகன்ற பின்னும் அலறிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கையில் தன்னைத்தானே நினைத்துப்பார்க்கும் வலைப்பின்னலோ தளர்ந்து கிடக்கும். அதைப் படம்பிடிக்க வந்த அறிவாளிகளாகிய நாங்கள், "ஓய்வா படுங்க" என்று சொல்லி, சம்மட்டியாய் இடிக்கும் கருவிக்குள் அவர்களைத் தள்ளினோம்! படங்களில் அபாய வலை கொழுந்துவிட்டு எரிந்தது. தலைமை மருத்துவர் துள்ளிக் குதித்தார். தாங்களோ, "டாக்டர், இதுல பாதி பயம் நம்ம மெஷினோடது" என்றீர்கள்.

அதற்குச் சாட்சியாக வந்தார் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். மூன்றாண்டாக நிம்மதியாகத் தூங்காதவர். முதல் படம் இல்லையேல் ஆய்வில் சிகிச்சை பெறுவோர் குழுவில் அவருக்கு இடமில்லை. அவரோ இரண்டாம் நிமிடமே கையிலிருந்த அவசர மணியை அழுத்தி வெளியே பாய்ந்துவிட்டார். தாங்கள் எதிரே நாற்காலியைப் போட்டு, கருவி எழுப்பப்போகும் சத்தங்களை வரிசை தவறாமல் வாயாலேயே செய்து காட்டினீர்கள். 'டக் டக்' முடிந்து 'ஙொய்ங்' வந்தபோது மனிதர் சிரித்தேவிட்டார். மறுபடி உள்ளே போனார். முழுப் படமும் கிடைத்தது. பழைய படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லாருக்கும் இந்தக் கச்சேரிக்குப் பிறகே படம் எடுத்தோம். அபாய வலை ஓரளவு அடங்கியது. அடங்காத மிச்சம்தான் நோய் என்று எங்களுக்கும் விளங்கியது.

சிகிச்சை முடிந்து ஆறாம் மாதம் ஓட்டுநர் மீண்டும் படுத்தார். பாதியில் ஒலிபெருக்கியில் குறட்டை!

"எழுப்புங்கம்மா, தூங்கினா படம் செல்லாது!" என்று பதறினார் மருத்துவர்.

"மாட்டேன் டாக்டர். படம் நாளைக்கும் எடுக்கலாம். தூக்கம் நாளைக்கு வருமோ என்னமோ."

கருவியை நிறுத்திவிட்டு, அவராக விழிக்கும்வரை அருகிலேயே நின்றீர்கள். மறுநாள் எடுத்த படத்தில் அபாய வலை தணிந்திருந்தது. தளர்ந்து கிடந்த வலை மீண்டும் ஒன்றுகூடி இயங்கியது. அது ஆய்வுக் கட்டுரையில் ஏறிப் பெயர் வாங்கியது.

எந்தக் கட்டுரையிலும் ஏறாத, குறட்டையால் பாதியில் நின்ற அந்த முந்தைய நாள் படத்தைத்தான், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் அடியில் கையெழுத்திட்டுத் தர, இம்மடலோடு சட்டமிட்டு வழங்குகிறோம். உடல் நலமும் உள்ளக் களிப்பும் ஓங்க நெடுங்காலம் வாழ்க அக்கா! நாளைக் காலை முதல் தங்களையும் யாரும் எழுப்பாதிருக்கட்டும்!

அன்புடன்,
இன்னமும் 'ஙொய்ங்' சரியாக வராத
மூளைப் படப் பிரிவினர்