ஏழு இடத்து ஆட்டக்காரன்

எலாடியோவை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அயோவா வெயிலில் இரண்டு வருடம் ஒரே பேருந்தில் ஊர் ஊராகப் போயிருக்கிறோம். எனக்குக் குமட்டினால் ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுப்பான்.

பேஸ்பால் களத்தில் ஒன்பது இடங்கள். அவன் ஏழில் நிற்பான். அதற்காகப் பையில் நான்கு கையுறை வைத்திருந்தான். யாருக்காவது கால் பிசகினால் பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவன் பெயரைச் சொல்வார். எங்களுடையது கீழ்மட்ட அணி; ஆட்டக்காரர்களின் ஆட்டக் கணக்கை மேலே உள்ள தலைமை அணிக்கு அனுப்புவது என் வேலை. யார் மேலே போவது, யார் வீட்டுக்குப் போவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கள் முறையில் ஒவ்வொரு இடத்துக்கும் தனி மதிப்பெண். ஏழாகப் பிரிந்து கிடந்தவனுக்கு ஏழு கட்டத்திலும் ‘தகவல் போதாது’ என்றே வந்தது. வயது இருபத்தொன்பது. அந்த ஆட்டப் பருவத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

தோற்பது உறுதியாகிவிட்ட ஆட்டமொன்றின் கடைசியில், பந்து எறிபவர்களைக் களைப்பாக்க வேண்டாமென்று அவனை எறியவிட்டார்கள். அது எங்கள் வழக்கம். வேகத்தைப் பார்த்து அசந்துபோனேன். இனி அவன் எறியட்டும், வேறெதுவும் வேண்டாம் என்று தலைமை அணிக்கு எழுதினேன். பன்னிரண்டு ஆட்டம் எறிந்தால் அந்த இடத்துக்கு மதிப்பெண் கிடைத்துவிடும்.

“ஏன் கணக்குப்புள்ள, மத்த கையுறைய வச்சு மீன் புடிக்கவா?” என்று சிரித்தான்.

“ஒண்ணுல நில்லு. உன்ன மேல அனுப்பறது என் பொறுப்பு.”

“நீ சொன்னா சரிதாம்ப்பா.”

ஆறாவது ஆட்டத்தில், எறிதலை அளக்கும் இயந்திரம் சிவப்புக் கோடு போட்டது: பந்து கையை விட்டுப் புறப்படும் உயரம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. முழங்கை கெடுகிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்புக் கோடு மருத்துவருக்குப் போக வேண்டும். போனால் உட்காரவைத்துவிடுவார்கள், பருவம் முடிந்துவிடும். அழித்தேன். இயந்திரத்தைக் குறை சொல்லமாட்டேன். அது ஐந்து ஆட்டம் தொடர்ந்து சொன்னது. ஐந்து முறையும் அழித்தேன்.

ஒன்பதாவது ஆட்டம் முடிந்து வந்து கேட்டான்: “முழங்கை சுருக்கு சுருக்குங்குது. உன் பொட்டி எதாச்சும் சொல்லுதா?”

“ஒண்ணும் சொல்லலையே.”

“அப்ப என் கைதான் பொய் சொல்லுது போல” என்று என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

பதினோராவது ஆட்டத்தில் மூன்றாவது பந்து. மாடியில் இருந்த எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்டவர்கள் காய்ந்த விறகு முறிந்த மாதிரி என்றார்கள். கையைப் பிடித்துக்கொண்டு அவன் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. என் ஜன்னலைப் பார்த்தான். இப்போது சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று அவன் மனைவி சொன்னாள். கேட்டு அழுதேன்.

அழித்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனைக் கெடுக்க நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் அவன் பொறுத்திருந்தால் காப்பாற்றியிருப்பேன்.