டிராகனுக்கு ஒரு கோழி

செங்கல்பட்டு மின்சார ரயிலில் எதிர் சீட்டில் ஆபீஸ் போகும் இரண்டு பெண்கள். ஒருத்தி போனில் மாயாஜாலத் தொடர்கதை எழுதுகிறவள், மற்றவள் அதை விடாமல் படிக்கிறவள்.

"வெள்ளிக்கிழமையில டிராகனைக் கொல்ல மாட்டேன்டி. வூட்டுக்கு ஆகாது."

"நாளைக்காவது கொல்லு. ஒரு வாரமா சாகக் கெடக்குது."

"நாளைக்கு சனிக்கிழமை. துணைக்கு இளவரசனையும் இழுத்துக்கினு போயிடும்."

"ஐயோ, அவனுக்காகத்தான் படிக்கிறேன். பாடையில ஒரு கோழியைக் கட்டிவுடு, அது துணைக்குப் போவட்டும்."

"டிராகனுக்கா? படிக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். எங்கப்பா செத்தது சனிக்கிழமைதான். மூடநம்பிக்கைன்னு கோழி கட்ட வேணான்னுட்டான் எங்கண்ணன். மூணே மாசத்துல அவனும் போயிட்டான்."

எழுதுகிறவள் போனை எடுத்து, நாளைய அத்தியாயத்தில் டிராகனின் பாடையில் கோழியைக் கட்டினாள்.