சந்துல அடிச்ச தகரம்

கைய எடு. அந்தத் தகரத்துல கை வெக்காத. ஏணி மேல நிக்கிறியேன்னு பாக்குறேன், இல்லாங்காட்டி நடக்குறதே வேற. ஆமா, நான் தான் அடிச்சேன். பின்ன இன்னா, தானா மொளச்சுதா? என் சுவத்துல ட்ரில்லு போட்டு, கம்பி நீட்டி, என் கையால ஸ்க்ரூ முடுக்குன தகரம்.

தெரியும்பா. அந்தாண்ட வூட்டு ஏசி மத்தியானம் ஆனா ஏன் நின்னு பூடுதுன்னு பாக்க வந்துகீற. வெளிய மாட்டிகீற மிசினு வுடுற சூடு தகரத்துல மோதி திரும்ப அதுக்குள்ளயே போவுது, அதான் நின்னுடுது. இத சொல்றதுக்கு மெக்கானிக்கு வரணுமா? தெரிஞ்சி தான் அடிச்சேன்.

பாவமா? யாருக்கு? ஏணிய இந்தாண்ட சாச்சிக்கினு என் ஜன்னல்ல எட்டிப் பாரு. கோணிய ஒதுக்கு. ஈரமா தான் கீது, ஒண்ணும் ஆவாது. சூடு மூஞ்சில அடிக்குதா? அதான் என் ஆபீஸு. பத்துக்கு எட்டு, மேல ஷீட்டு. கல்யாண வீடியோ மிக்ஸிங். முன்ன ஒரு கம்பெனில லைன்ல நின்னுகினு இருந்தேன், கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டானுங்க. இப்ப என் சம்சாரம் ஜோதி ஷிப்டுக்குப் போறா, நான் இதுல உக்காந்துகீறேன். தண்டலத்துல ஸ்டுடியோ வெச்சிகீற சாம்சன் ஹார்ட் டிஸ்க்கு குடுப்பாரு, நான் வெட்டி ஒட்டி பாட்டு போட்டுக் குடுக்கணும். வெட்டுறப்ப ஒண்ணும் இல்ல. கடைசில எல்லாத்தையும் சேத்து ஒரே வீடியோவா எடுக்கணும் பாரு, ரெண்டர்னு சொல்வோம், அப்ப தான் பேஜாரு. கம்பியூட்டரு கொதிக்கும். ஒரு அளவுக்கு மேல போச்சின்னா அதுவா ஆஃப் ஆயிடும். அப்பறம் மொதல்லேர்ந்து. போன ஆர்டருக்கு மட்டும் மூணு வாட்டி.

நீ ஏசி மாட்றவன், ஏசி போடுன்னு தான் சொல்லுவ. இந்த ரூமுக்கு வர ஒயரு ஃபேனுக்கே மொனகுது.

நானும் இன்னா பண்ணல கேளு. ஷீட்டு மேல சுண்ணாம்புல ஃபெவிகால் கலந்து ரெண்டு கோட்டு அடிச்சேன். அதுக்கு மேல கீத்து போட்டேன், கொரங்கு பிச்சிப் போட்டுட்டுப் போச்சி. உள்ள மேல ஒட்டிகீது பாரு தெர்மாகோலு, கம்பெனில டீவி பேக்கிங் பண்ணித் தூக்கிப் போடுறது, சுங்குவார்சத்திரத்துல பழைய சாமான் கடையில பொறுக்கினது. கெட்டிக்காரத்தனம்னு நெனச்சி ஒரு ஏர்கூலர வாங்கி வெச்சேன். அது தண்ணி காத்து. மூடுன ரூம்ல வெச்சா எல்லாம் நசநசன்னு ஆயி, பதினைஞ்சே நாள்ல கம்பியூட்டரு உள்ள போர்டு பாசி புடிச்ச மாரி பச்ச கட்டிடுச்சி. அன்னிக்கு எனக்கு அழுவ வந்துடுச்சி, சும்மா சொல்லல. அப்பறம் தான் புத்தி வந்து, கதவு இடுக்கெல்லாம் துணி வெச்சி அடச்சி, இந்த ஒரு ஜன்னல்ல மட்டும் நனச்ச கோணி, எதிர் சுவத்துல ஓட்ட போட்டு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனு, ஓட்டல் கிச்சன்ல மாட்றது. லாரி மாரி சத்தம் போடும், ஆனா சூட்ட இழுத்து வெளிய தள்ளிடும். நான் காதுல ஹெட்போன் மாட்டிக்குவேன். ஓடிச்சி. சூப்பரா ஓடிச்சி. அந்தாளு ஏசி மாட்டுற வரைக்கும். காத்து வர்ற ஒரே ஜன்னலு இது. அதுக்கு நேரா, ரெண்டடில, அவன் மிசினு நெருப்பத் துப்புது.

யாரா? உனக்கு சொல்லலியா? என் கூடப் பொறந்த அண்ணன்பா. பாண்டுரங்கன். மனைய ரெண்டா பிரிச்சப்ப இந்த சந்து ரெண்டு பேருக்கும் பொதுன்னு எழுதுனாங்க. பொதுன்னா அந்தாளுக்கு சூடு வுடுற எடம். போய் மரியாதயா தான் கேட்டேன். மொட்ட மாடில வைண்ணே, இங்க வெச்சா என் கம்பியூட்டரு செத்துடும்னேன். கம்பியூட்டருக்குக் கூட வேர்க்குமாடான்னு சிரிச்சான். நாலு பேர வெச்சிக்கினு சிரிச்சான். ரெண்டு வருசம் ஆவுது, பேச்சு இல்ல. போன்லயும் பிளாக்கு பண்ணிட்டேன்.

இரு, உள்ள ரெண்டர் ஓடிகினு கீது, பாத்துட்டு வரேன்.

அறுவத்தெட்டு பர்சென்ட். சாயங்காலம் சாம்சனுக்குப் போயாவணும். இது ஓடி முடியிற வரைக்கும் அந்தத் தகரத்த எவனும் தொடக் கூடாது, சொல்லிட்டேன். தண்ணி வேணுமா? சொம்பப் புடி. உன் பேரு இன்னா? அருள்பாண்டியா? தெக்கத்திப் பக்கமா?

உங்க பக்கம் எப்டியோ, எங்க பக்கம் பங்காளிய அழைக்கிறதுக்கு மொற ஒண்ணு கீது. பந்தக்கால் நட்ட கையோட, புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் தாம்பாளத்துல வெத்தல பாக்கு பழம் வெச்சி, வூட்டாண்ட வந்து நின்னு பத்திரிகை குடுக்கணும். மொத தாம்பாளம் பங்காளிக்கு. அப்பறம் தான் ஊருக்கு. போன மாசம் அவன் பொண்ணு சௌந்தர்யாவுக்குக் கல்யாணம். நான் தோள்ல தூக்கிக்கினு பெரும்புதூர் தேர் காட்டுன கொயந்த. டீக்கடக்காரனுக்குப் பத்திரிகை போச்சி. பஞ்சர் கடக்காரனுக்குப் போச்சி. எனக்கு இல்ல. நான் போவல, ஜோதியையும் வுடல. இந்த ரூம்ல ஹெட்போன மாட்டிக்கினு உக்காந்துகினு இருந்தேன், மேளச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு. மறுநா காலைல தகரம் வாங்கினு வந்தேன். வயிறு எரிஞ்சி போய் தான் அடிச்சேன். அவனும் வேர்த்துக் கெடக்கட்டும்னு தான் அடிச்சேன். போய் சொல்லிக்கோ.

இப்ப ஓடிகினு இருக்குறதா? அது எந்தக் கல்யாணமா இருந்தா உனக்கு இன்னா?

அதே கல்யாணம் தான். சாம்சனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது, ஆர்டர் புடிச்சாரு, டிஸ்க்கத் தூக்கி என் கைல குடுத்துட்டாரு. தொறந்தா சௌந்தர்யா மூஞ்சி, மஞ்சத் தண்ணியோட. திருப்பிக் குடுத்துருக்கலாம். குடுக்கல. சந்தோசமா தான் உக்காந்தேன். இன்னா பண்ணேன் தெரியுமா? அந்தாளு வர்ற எடத்தையெல்லாம் வெட்டினேன். தார வாக்குறப்ப கைய மட்டும் வுட்டேன், மூஞ்சிய எடுத்துட்டேன். அப்பனே இல்லாத கல்யாணமாப் பண்ணிக் காட்றேன்டான்னு. சிரிக்காத, பண்ணேன். வேணாம்னு ஒதுக்கி வெக்கிற துண்டு துணுக்கெல்லாம் இருக்கும், சாதாரணமா அதெல்லாம் யாரும் பாக்க மாட்டோம். எங்கனா இவன் மூஞ்சி தப்பிச்சிடப் போவுதேன்னு அதையும் ஒண்ணு வுடாம ஓட்டிப் பாத்தேன்.

அதுல ஒண்ணு, ரெண்டு நிமிசம். பந்தக்கால் நட்ட அன்னிக்கு, பட்டப்பகல்ல. கேமராக்காரன் வாழ மரத்த எடுத்துகினு இருக்கான். பின்னால என் கேட்டு தெரியுது. கேட்டாண்ட அண்ணன் நிக்கிது. பக்கத்துல ஜெயம் அண்ணி, பட்டுப் பொடவ, கைல தாம்பாளம். குமாரு, குமாருன்னு என்னக் கூப்புடுது. எண்ணினேன், நாலு வாட்டி. அண்ணி வளையலால கேட்டத் தட்டுது. இந்த ஃபேன் சத்தம் வீடியோலயே கேக்குதுபா. ஆளு உள்ள இருக்கான்னு அண்ணனுக்குத் தெரியாம இருக்குமா? வேணும்னே தொறக்கலன்னு நெனச்சிருக்கும். அண்ணி தாம்பாளத்த முந்தானைல மூடிக்கிச்சி. ரெண்டு பேரும் திரும்பிப் போயிட்டாங்க.

ஒரு கல்ல எடுத்து ஷீட்டு மேல போட்டா இன்னா? அஞ்சாவது வாட்டி கூப்புட்டா வாய் வலிக்குமா? அந்தாளுக்கு எப்பவும் இதான் திமிரு. எவ்ளோ நேரம் நின்னுது தெரியுமா, வெயில்ல...

வெட்டுனதையெல்லாம் நேத்திலேர்ந்து ஒவ்வொண்ணாத் திரும்ப ஒட்டினேன். அதான் லேட்டு.

எழுவத்தஞ்சு ஆயிருக்கும். பரவால்ல, நின்னா மறுபடி போட்டுக்கலாம், சாம்சன் கத்தட்டும். ஸ்க்ரூவக் கழட்டு. நாலு தான். சும்மா பூ மாரி கழட்டாத தம்பி, சுத்தியால நல்லா டமார் டமார்னு தட்டி எடு. உள்ள இருக்குற ஆளுக்குக் காதுல வுழட்டும்.